மதிப்பெண் சமமாக வந்தால் உறவும் சமம் என்று எழுதலாமா?

கேள்வி:

வணக்கம். அமெரிக்காவின் கிழக்குக் கரையில் ஒரு நகரத்தில், போதை மீட்பு மையம் ஒன்றில் ஆலோசகராக இருக்கிறேன். எங்களிடம் வருபவர்களில் பெரும்பாலானோர் ஹெராயின் போன்ற ஓபியாய்டு பழக்கத்திலிருந்து மீள, மாற்று மருந்தான மெத்தடோன் எடுப்பவர்கள். சிகிச்சை தொடங்கிச் சில வாரங்கள் ஆனதும், ஆலோசகருக்கும் அவர்களுக்கும் உறவு எப்படி இருக்கிறது என்று 19 கேள்விகள் கொண்ட ஒரு படிவத்தைக் கொடுத்து நிரப்பச் சொல்வோம். வெள்ளையர், கறுப்பினத்தவர் இரு பிரிவுக்கும் சராசரி ஏறக்குறைய ஒன்றாகவே வருகிறது. ஆனால் பாதியில் நின்றுவிடுபவர்களில் கறுப்பினத்தவர்தான் அதிகம். என் மேலதிகாரியோ, "சிகிச்சை உறவில் இன வேறுபாடு இல்லை" என்று நிதி தருபவர்களுக்கு அறிக்கை எழுதப்போகிறார். எனக்கு மனசு ஒப்பவில்லை. ஆனால் கையில் இருக்கும் எண்ணை எதிர்த்து என்ன சொல்வது? இன்னொன்றும் கேட்க வேண்டும். நான் இந்தியப் பெண். என்னிடம் வரும் கறுப்பினத்தவரைக் கறுப்பின ஆலோசகர் ஒருவரிடம் மாற்றிவிடுவதுதான் அவர்களுக்கு நல்லதா?

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

உங்கள் சந்தேகம் சரியான இடத்தில்தான் எழுந்திருக்கிறது. எண்ணை எதிர்க்க வேண்டியதில்லை. அந்த எண் எதைச் சொல்கிறது, எதைச் சொல்லவில்லை என்று பிரித்துக் காட்டினாலே போதும். இரண்டு பிரிவினரின் சராசரியை ஒப்பிடுவதற்கு முன், அந்தப் படிவம் இருவரிடமும் ஒரே விஷயத்தை ஒரே அளவில் அளக்கிறதா என்று பார்த்திருக்க வேண்டும். உங்கள் மையத்தில் அப்படிப் பார்த்ததாகக் கடிதத்தில் இல்லை. பார்க்காதபோது, சராசரிகள் வேறுபட்டாலும் ஒன்றாக வந்தாலும் அதிலிருந்து இனத்தைப் பற்றி எதுவும் முடிவுகட்ட முடியாது.

நீங்கள் சொல்வது லெஸ்டர் லுபோர்ஸ்கியும் அவரது குழுவினரும் 1996இல் வெளியிட்ட உதவி உறவு வினாத்தாளின் இரண்டாம் வடிவம் என்று எடுத்துக்கொள்கிறேன். 19 கேள்விகள், ஒவ்வொன்றுக்கும் 1 முதல் 6 வரை மதிப்பெண். லுபோர்ஸ்கி பென்சில்வேனியா பல்கலைக்கழகத்து உளவியலாளர். இந்த உறவு போதை சிகிச்சையில் எவ்வளவு முக்கியம் என்று காட்டியவர்களில் அவர் முன்னோடி. பிலடெல்பியாவில் மெத்தடோன் எடுத்துவந்த முன்னாள் ராணுவத்தினரை வைத்து 1985இல் அவரும் சக ஆய்வாளர்களும் வெளியிட்ட ஆய்வில், சிகிச்சையாளருக்குச் சிகிச்சையாளர் பலன் பெரிதும் மாறியது. அந்தப் பலனோடு நெருக்கமாகச் சேர்ந்து நின்றது இந்த உறவுதான். ஆகவே இதை அளக்க நினைக்கும் உங்கள் மையம் நல்ல காரியம்தான் செய்கிறது. அளந்த பிறகு வருவதை எப்படிப் படிப்பது என்பதில்தான் சிக்கல்.

இந்தத் துறையில் இன்னொரு வினாத்தாளும் பரவலாகப் பயன்படுகிறது. ஹோர்வாத்தும் கிரீன்பெர்க்கும் 1989இல் வெளியிட்டது, 36 கேள்விகள். அதற்கு அடித்தளம் எட்வர்ட் போர்டின் 1979இல் சொன்ன கருத்து. சிகிச்சை உறவில் மூன்று இழைகள் உண்டு என்றார் அவர்: எதை நோக்கிப் போகிறோம் என்பதில் இருவருக்கும் உடன்பாடு, அதற்காக என்ன செய்யப்போகிறோம் என்பதில் உடன்பாடு, இருவருக்கும் இடையே ஒட்டுதல். இப்போது உங்கள் மையத்து மனிதர் ஒருவரை நினைத்துப் பாருங்கள். சிறைக்குப் போவதற்குப் பதிலாக சிகிச்சைக்குப் போ என்று நீதிமன்றம் அனுப்பியவர் அவர். "நானும் ஆலோசகரும் ஒரே குறிக்கோளோடு இருக்கிறோம்" என்ற கருத்துள்ள கேள்விக்கு அவர் 6 போடலாம். புரொபேஷன், அதாவது நீதிமன்றக் கண்காணிப்புக் காலம், முடிய வேண்டும் என்பதுதான் அவர் மனதில் உள்ள குறிக்கோள். தானே தேடி வந்தவர் ஒருவரும் அதே 6 போடுவார். அவர் நினைப்பது ஊசியை விட்டொழிப்பதை. தாளில் மட்டும் இருவரும் ஒன்று.

இந்த ஒப்பீடு செல்லுமா என்று சோதிக்க அளவியலில் ஒரு முறை இருக்கிறது. அதைப் படிப்படியாகப் பார்ப்பார்கள். முதலில், கேள்விகள் இரு பிரிவினரிடமும் ஒரே மாதிரி கொத்துக்கொத்தாகச் சேர்கின்றனவா என்ற கேள்வி. உங்கள் படிவத்தின் 19இல் 5 கேள்விகள் எதிர்மறையானவை. ஆலோசகரின் முடிவில் எனக்குச் சில நேரம் நம்பிக்கை வருவதில்லை என்பது போன்றவை. ஒரு பிரிவினரிடம் அவை மற்ற கேள்விகளோடு ஒரே உணர்வின் மறுபக்கமாக நின்று, இன்னொரு பிரிவினரிடம் தனிக் கொத்தாகப் பிரிந்துபோனால், மொத்த மதிப்பெண் என்று ஒன்றைக் கூட்டுவதே இரு இடத்திலும் ஒரே செயல் ஆகாது. அடுத்து, ஒவ்வொரு கேள்விக்கும் இரு பிரிவினரிடமும் ஒரே கனம் இருக்கிறதா. "ஆலோசகருக்கு என்னை ஒரு மனிதராகப் பிடிக்கிறது" என்பது ஒருவருக்கு நம்பிக்கையின் உயிர்நாடி. இன்னொருவருக்கு அது பொருட்டே இல்லை. சொன்ன சொல்லைக் காப்பாற்றினாரா என்பதுதான் அவருக்குக் கணக்கு.

மூன்றாவது படிதான் பெரும்பாலும் வழுக்கும் இடம். உறவு உண்மையிலேயே ஒரே அளவில் இருக்கும் இரண்டு பேர், ஒரே கேள்விக்கு ஒரே எண்ணைத்தான் போடுவார்களா? ஒரு தராசின் முள் பூஜ்ஜியத்தில் நிற்காமல் கால் கிலோவில் நின்றால், அதில் நிறுத்ததையும் சரியான தராசில் நிறுத்ததையும் பக்கத்தில் வைத்து ஒப்பிட முடியாது. எண் சமமாக வந்தால், முள் தள்ளி நிற்கும் தராசில் உள்ள பொருள் கால் கிலோ குறைவு என்றுதான் அர்த்தம். ஒரு பிரிவினரின் முள் இப்படித் தள்ளி நிற்கிறது என்றால், சம சராசரி என்பதே ஒரு வேறுபாட்டுக்கான அடையாளமாக இருக்கலாம். இந்த மூன்றாம் படியைத் தாண்டிய பிறகுதான் சராசரிகளை ஒப்பிடும் உரிமை நமக்கு வருகிறது.

முள் ஏன் தள்ளி நிற்கும் என்று கேட்பீர்கள். நான் வேலை பார்த்த ஒரு மையத்தில் படிவத்தை மருந்து கவுண்டருக்கு முன்னால் வரிசையில் நிற்கும்போதே கொடுத்துவிடுவார்கள். ஒருவர் சுவரில் தாளை வைத்து, 6 என்ற கட்டங்களில் மேலிருந்து கீழே ஒரே கோடாக டிக் போட்டுக்கொண்டே வந்தார். ஆலோசகரை நம்புகிறேன், 6. ஆலோசகரின் முடிவில் நம்பிக்கை இல்லை, அதற்கும் 6. உட்காரவைத்துக் கேட்டேன். "அந்தம்மா நல்லவங்கதான், அதுல குறை சொல்ல ஒண்ணுமில்ல," என்றார். பிறகு தாளைக் காட்டி, "இது யார் யார் கைக்குப் போகும்? என் மருந்து இவங்க கையில இருக்கு. வீட்டுக்கு டோஸ் கொண்டுபோக விடலாமா கூடாதான்னு இவங்க சொல்றதும் கணக்குல வரும். கோர்ட்டுக்கு ரிப்போர்ட் எழுதுறதும் இவங்க. நான் இதுல வேற என்ன நம்பர் போடுவேன்?" என்றார்.

அவர் கேட்டதில் பிழை ஏதும் இல்லை. போதை சிகிச்சைப் பதிவுகளை ரகசியமாகக் காக்க அமெரிக்காவில் தனி கூட்டாட்சி விதியே இருக்கிறது, 42 சிஎஃப்ஆர் பகுதி 2 என்பார்கள். ஆனால் நீதிமன்றம் அனுப்பியவர்களிடம் முன்னேற்றத்தைத் தெரிவிக்க ஒப்புதல் கையெழுத்து வாங்குவது வழக்கம். எதுவரை ரகசியம், எது வெளியே போகும் என்பது வரிசையில் நிற்பவருக்கு எப்படித் தெளிவாகத் தெரியும்?

இந்த எச்சரிக்கை உணர்வு எல்லோருக்கும் உண்டு. ஆனால் அமெரிக்காவில் கறுப்பினத்தவருக்கு அதைக் கற்றுக்கொடுத்தது அவர்களுடைய வரலாறு. 1986ஆம் ஆண்டுப் போதைப்பொருள் சட்டத்தில், புகைக்கும் கட்டி வடிவமான கிராக் கோகெய்ன் 5 கிராமுக்கும் 500 கிராம் தூள் கோகெய்னுக்கும் ஒரே குறைந்தபட்சத் தண்டனை, ஐந்து ஆண்டு சிறை. கிராக் வழக்குகளில் உள்ளே போனவர்களில் மிகப் பெரும்பாலானோர் கறுப்பினத்தவர். 100க்கு 1 என்ற அந்த விகிதம் 2010இல்தான் 18க்கு 1 ஆகக் குறைந்தது, இன்றும் சமமாகவில்லை. 1932 முதல் 1972 வரை அலபாமா மாநிலத்தின் டஸ்கீகியில், சிபிலிஸ் என்ற பால்வினை நோய் வந்த கறுப்பின ஆண்களுக்கு உண்மையைச் சொல்லாமல், பென்சிலின் வந்த பிறகும் அதைக் கொடுக்காமல், நோய் எப்படிப் போகிறது என்று அரசுச் சுகாதாரத் துறை பார்த்துக்கொண்டிருந்தது. பழைய கதை என்று ஒதுக்கவும் வழியில்லை. மெத்தடோனைப் போலவே ஓபியாய்டு பழக்கத்துக்குத் தரப்படும், ஆனால் மருத்துவரிடம் சீட்டு வாங்கி வீட்டிலேயே எடுக்கக்கூடிய புப்ரனார்ஃபின் என்ற மருந்து பெரும்பாலும் வெள்ளையருக்கும், கையில் காசோ தனியார் காப்பீடோ உள்ளவருக்கும்தான் போய்ச் சேர்ந்தது என்று 2019இல் ஜாமா சைக்கியாட்ரி இதழில் வந்த ஆய்வு காட்டியது. மெத்தடோனுக்கோ மையத்துக்கு நடையாய் நடக்க வேண்டும்.

இந்தப் பின்னணியில் வரும் அவநம்பிக்கையை மனக்கோளாறு என்று கேஸ் குறிப்பில் எழுதிவிடாதீர்கள். வெள்ளையர் நடத்தும் அமைப்புகளிடம் கறுப்பினத்தவருக்குள்ள அவநம்பிக்கையை அளக்க பிரான்சிஸ் டெரெல், சாண்ட்ரா டெரெல் இருவரும் 1981இலேயே தனியாக ஒரு வினாத்தாள் உருவாக்கினார்கள். அனுபவத்திலிருந்து வந்த தற்காப்பு அது. அந்தத் தற்காப்பு சிலரிடம் குறைந்த மதிப்பெண்ணாக வரும். சிலரிடம் வம்பு வேண்டாம் என்று போடும் 6 ஆக வரும். இரண்டும் கலந்து எடுத்த சராசரி, வெள்ளையர் சராசரிக்குப் பக்கத்தில் வந்து நிற்பதில் ஆச்சரியம் ஒன்றுமில்லை.

இன்னும் இரண்டு விஷயம், சுருக்கமாக. இந்த வகைப் படிவங்களில் எல்லோருமே உச்சத்துக்கு அருகில்தான் போடுவார்கள். எல்லோரும் கூரையில் முட்டி நிற்கும் இடத்தில் உயர வித்தியாசம் தெரியாது. அடுத்தது, சில வாரம் கழித்துக் கொடுக்கிறீர்கள் என்றால் அதற்குள் நின்றுவிட்டவர்களின் தாள் உங்களிடம் இல்லவே இல்லை. நீங்கள் கவலைப்படும் ஆட்களே அவர்கள்தான்.

சரி, அளவுகோல் எல்லாச் சோதனையிலும் தேறிவிட்டது என்றே வைத்துக்கொள்வோம். அப்போதும் அது கேட்டதை மட்டும்தான் சமமாக அளக்கும். அந்த 19 கேள்விகளில் இனம் பற்றி ஒன்றுகூடக் கிடையாது. "நான் பட்டதைச் சொன்னால் இவர் நம்புவாரா?", "என்னைப் போன்றவர்களைப் பற்றி இவர் முன்கூட்டியே ஒரு முடிவோடு இருக்கிறாரா?" என்றெல்லாம் யாரும் கேட்கவில்லை. ஜெஸ்ஸி ஓவனும் சக ஆய்வாளர்களும் 2014இல் வெளியிட்ட ஆய்வில், சிறுபான்மை இனத்தவரான சிகிச்சை பெறுபவர்களில் பாதிக்கும் மேற்பட்டோர், தங்கள் சிகிச்சையாளர் வாயிலிருந்தே இனம் சார்ந்த சிறுமைப்படுத்தலை ஒருமுறையாவது உணர்ந்ததாகச் சொன்னார்கள். அவர்களில் நாலில் மூன்று பேர் விஷயத்தில் அதைப் பற்றிப் பேச்சே எழவில்லை. அதைப் பேசித் தீர்த்துக்கொண்டவர்களின் உறவோ, அப்படி எதுவும் நடக்காதவர்களின் உறவு அளவுக்கே நன்றாக இருந்தது. இந்தக் கடைசி வரிதான் எனக்கு மிகவும் பிடித்தது. ஏனென்றால் இது ஆலோசகரின் கையில் இருக்கிறது.

இங்கே ஒரு நியாயமான மறுப்பு எழும்: உறவை இவ்வளவு தூரம் நோண்டுவதற்கு அது பலனைத் தீர்மானிக்கிறதா? ஓரளவுதான். கிறிஸ்டோஃப் ஃப்ளூகிகர் குழு 2018இல் 295 ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தபோது, உறவுக்கும் பலனுக்கும் உள்ள தொடர்பு 0.28 என்று வந்தது (தொடர்பே இல்லை என்றால் 0, முழுத் தொடர்பு என்றால் 1). பலனில் காணும் வேறுபாட்டில் சுமார் 8 சதவீதம். போதை சிகிச்சையில் பெட்ரா மையரும் சக ஆய்வாளர்களும் 2005இல் திரட்டிப் பார்த்ததில், தொடக்கத்தில் அமையும் உறவு, ஒருவர் சிகிச்சையில் நிலைப்பாரா என்பதை ஓரளவு சீராகச் சொன்னது. முடிந்த பிறகு போதையில்லாமல் இருப்பாரா என்பதை அப்படிச் சொல்லவில்லை. உங்கள் பிரச்சினையே நிலைப்பதுதானே? அதே ஃப்ளூகிகர் 2013இல் வெளியிட்ட இன்னொரு தொகுப்பில், போதைப் பழக்கம் உள்ளவர்களும் சிறுபான்மை இனத்தவரும் அதிகம் இருந்த ஆய்வுகளில் இந்தத் தொடர்பு வலுக்குறைந்து காணப்பட்டது. வேலை, வீடு, போலீஸ் என்று வெளியிலிருந்து இழுக்கும் சுமை உறவின் பலத்தை மிஞ்சிவிடுவது ஒரு காரணமாக இருக்கலாம். அளவுகோல் அங்கே சரியாகப் பிடிக்கவில்லை என்பதும் காரணமாக இருக்கலாம். இரண்டாவதைச் சோதிக்காமல் முதலாவதை மட்டும் நம்புவது அவசரம்.

உங்கள் மையத்தின் எண்களை நான் புரட்ட நேர்ந்தால் முதலில் செய்வது, இனவாரிச் சராசரியை ஓரமாக வைத்துவிட்டு, ஆலோசகர் வாரியாகப் பிரிப்பது. ஸ்காட் பால்ட்வின், புரூஸ் வாம்போல்ட், சாக் இமெல் மூவரும் 2007இல் காட்டியது இது: உறவுக்கும் பலனுக்கும் உள்ள தொடர்பில் பெரும்பங்கு சிகிச்சையாளர்களுக்கு இடையிலான வேறுபாட்டிலிருந்து வருகிறது. தன்னிடம் வருகிற எல்லோரிடமும் நல்ல உறவை அமைக்கத் தெரிந்தவர்களிடம் பலனும் நன்றாக இருக்கிறது. இமெல் குழு 2011இல் இதை இனத்தோடு சேர்த்துப் பார்த்தது. கஞ்சாப் பழக்கத்துக்கு சிகிச்சை பெற்ற பதின்வயதினர் பற்றிய ஆய்வு அது. சில சிகிச்சையாளர்களிடம் வெள்ளைப் பிள்ளைகளும் சிறுபான்மை இனப் பிள்ளைகளும் ஒரே அளவு முன்னேறினார்கள். வேறு சிலரிடம் ஒரு பிரிவு பின்தங்கியது. எல்லோரையும் கூட்டிச் சராசரி எடுத்தால் இது மறைந்துபோகும். உங்கள் மையத்தின் ஆறேழு ஆலோசகர்களில் ஒருவரிடமிருந்து மட்டும் கறுப்பினத்தவர் தொடர்ந்து நின்றுபோகிறார்கள் என்றால், அங்கே செய்ய வேண்டியது பயிற்சியும் மேற்பார்வையும். எல்லோரிடமிருந்தும் நின்றுபோகிறார்கள் என்றால், குறை கவுண்டர் நேரத்திலோ, சிறுநீர்ப் பரிசோதனை நடக்கும் விதத்திலோ, ஒருநாள் தவறினால் வரும் தண்டனையிலோ இருக்கலாம்.

மேலே சொன்ன மூன்று படிச் சோதனையை முறையாகச் செய்ய ஒவ்வொரு பிரிவிலும் சில நூறு பேராவது வேண்டும். ஒரு மையத்தால் அது ஆகாது. ஆனால் ஆகிற காரியங்கள் இருக்கின்றன. மொத்த மதிப்பெண்ணை விட்டுவிட்டு ஒவ்வொரு கேள்வியாக இரு பிரிவையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். எதிர்மறைக் கேள்விகள் ஐந்தையும் தனியாகப் பாருங்கள். அந்த வரிசையில் நின்றவர் போட்ட ஒரே கோட்டு டிக் எத்தனை தாளில் இருக்கிறது என்று எண்ணுங்கள். படிவத்தைக் கொடுப்பதும் வாங்குவதும் ஆலோசகராக இருக்கக்கூடாது. மூடிய உறையில், மருந்துக்கும் நீதிமன்றத்துக்கும் தொடர்பில்லாத ஒருவரிடம் போக வேண்டும். அதை அவர்களிடம் வாய்விட்டுச் சொல்லவும் வேண்டும். முதல் வாரத்திலேயே ஒருமுறை கொடுங்கள், நின்றுபோகிறவர்களின் குரலும் பதிவாகும். பிறகு, கறுப்பினத்தவர் சிலரை உட்காரவைத்து, இந்தக் கேள்வியைப் படித்ததும் மனதில் என்ன வந்தது, ஏன் இந்த எண் என்று கேளுங்கள். அவர்களின் நேரத்துக்குப் பணம் கொடுத்துக் கேளுங்கள். ஒரு மதியம் இப்படி உட்கார்ந்தால், வருடக்கணக்கில் சேர்த்த சராசரிகள் சொல்லாததைச் சொல்லிவிடுவார்கள்.

கறுப்பினத்தவர் என்று கட்டம் போட்டவர்கள் எல்லோரும் ஒரே மாதிரி இல்லை என்பதையும் மனதில் வையுங்கள். தலைமுறை தலைமுறையாக அந்த ஊரில் வாழ்பவரும், ஹைட்டியிலிருந்து வந்தவரும், நைஜீரியாவிலிருந்து போன வருடம் வந்தவரும் ஒரே கட்டத்துக்குள் இருப்பார்கள்.

உங்கள் இரண்டாவது கேள்விக்கு வருகிறேன். ஒரே இனத்துச் சிகிச்சையாளரோடு சேர்த்துவைப்பதைப் பற்றி ரகில் கப்ரால், திமோதி ஸ்மித் இருவரும் 2011இல் ஆய்வுகளைத் தொகுத்தார்கள். பொதுவாக, தன் இனத்தவர் வேண்டும் என்ற விருப்பம் கணிசமாக இருந்தது. அவரை உயர்வாக மதிப்பிடுவது கொஞ்சம் கூடுதலாக இருந்தது. பலனில் மட்டும் வித்தியாசம் அநேகமாக இல்லை. ஆப்பிரிக்க அமெரிக்கர்களிடம் மூன்றுமே கூடுதலாகத் தெரிந்தன, பலனிலும் சிறிய அளவு நன்மை இருந்தது. ஆகவே கறுப்பின ஆலோசகர் வேண்டும் என்று ஒருவர் கேட்டால், தயங்காமல் மாற்றிக்கொடுங்கள். உங்களை ஒதுக்கியதாக எடுத்துக்கொள்ளாதீர்கள். ஆனால் அவர் கேட்காதபோது நீங்களாக மாற்றிவிட்டால், தன்னைக் கைகழுவிவிட்டார்கள் என்றுதான் அவருக்குத் தோன்றும். இருக்கும் ஒன்றிரண்டு கறுப்பின ஆலோசகர்கள் தலையில் எல்லாச் சுமையும் ஏறும். மற்றவர்கள் கற்றுக்கொள்ள வேண்டிய அவசியமே இல்லாமல் போய்விடும்.

அவர்களிடமே கேட்டுவிடுங்கள், முதல் இரண்டு மூன்று சந்திப்புக்குள். "நான் இந்தியாவிலிருந்து வந்தவள். நீங்கள் இங்கே கறுப்பினத்தவராக வாழ்ந்து பட்டது எனக்குத் தானாகத் தெரியாது. நான் ஏதாவது தவறாகப் புரிந்துகொண்டாலோ, பேச்சில் உங்களைத் தாழ்த்துவதாகத் தோன்றினாலோ சொல்லுங்கள். சொன்னதால் உங்கள் மருந்துக்கோ ரிப்போர்ட்டுக்கோ எதுவும் ஆகாது." இவ்வளவு போதும். சொன்ன பிறகு அவர் உண்மையிலேயே ஒருநாள் குறை சொல்வார். அன்று விளக்கம் சொல்லத் தொடங்காமல் கேட்டுக்கொள்ளுங்கள். வெள்ளையரும் இல்லை, கறுப்பினமும் இல்லை என்பதால் நீங்கள் நடுவில் நிற்பதாக நினைக்க வேண்டாம். மருந்தும் அறிக்கையும் யார் கையில் இருக்கிறதோ அவர் மையத்தின் ஆள் என்றுதான் எதிரில் இருப்பவர் பார்ப்பார்.

அறிக்கை விஷயம். மேலதிகாரியிடம் சண்டைக்குப் போக வேண்டாம், இப்படி மாற்றி எழுதலாமா என்று கேளுங்கள்: "படிவத்தை நிரப்பியவர்களிடையே இரு பிரிவின் சராசரியும் நெருக்கமாக உள்ளது. இந்தப் படிவம் இரு பிரிவிலும் ஒரே அளவில் அளக்கிறதா என்பது எங்கள் மையத்தில் சோதிக்கப்படவில்லை. நிரப்புமுன் நின்றுவிட்டவர்கள் இதில் இல்லை. கறுப்பினத்தவர் அதிக அளவில் நின்றுவிடுகிறார்கள். காரணத்தை அறிய அடுத்த ஆண்டு அவர்களிடம் நேரில் கேட்கவும், படிவம் கொடுக்கும் முறையை மாற்றவும் நிதி கோருகிறோம்." இதில் பொய் ஒரு சொல்கூட இல்லை, யாரையும் குற்றம் சாட்டவும் இல்லை. வேறுபாடு இல்லை என்று எழுதிவிட்டால், அதைச் சரிசெய்ய நாளை பணம் கேட்க உங்கள் மையத்துக்கு வாயில்லாமல் போய்விடும். மேலதிகாரிக்கு இந்த ஒரு காரணமே போதுமானதாக இருக்கும் என்று நினைக்கிறேன். அப்படியும் அவர் மறுத்தால், எத்தனை பேர் நின்றுபோனார்கள் என்ற அட்டவணையை மட்டுமாவது அதே பக்கத்தில், சராசரிக்குக் கீழே சேர்க்கச் சொல்லுங்கள்.